கையெழுத்தோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதுவந்தோர் எழுத்தறிவு வகுப்புகளுக்குத் தன்னார்வலர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால், கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் கையெழுத்துப் போடத் தொடங்கியதையே திட்டத்தின் வெற்றியாகக் கட்டுரையாளர் காட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நான்கு ஆண்டுகளாக மாலை வகுப்பொன்றில் கற்பித்து வருகிறேன். கற்போரை நாம் கைவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கையெழுத்து பலருக்குக் கோலம்போல மனப்பாடமாகிவிடுகிறது. என் வகுப்புக்கு வந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா தம் பெயரைப் பிழையின்றி எழுதுவார். அதே பெயரின் முதல் எழுத்தை வேறொரு சொல்லின் நடுவில் காட்டினால் அவருக்கு அடையாளம் தெரியாது. அன்றாட வாழ்க்கை குறித்த எளிய, சிறு வாக்கியம் ஒன்றைப் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் இயன்றவரே எழுத்தறிவு பெற்றவர் என்று யுனெஸ்கோ 1958-இலேயே வரையறுத்தது. அந்த அளவுகோலின்படி அவர் அப்போது வாசற்படியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

அதற்கு நானும் ஒரு காரணம். முதல் மாதத்தில் குழந்தைகளுக்கான படப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, ஆட்டின் படத்தைக் காட்டி 'ஆ' சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனவர் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது, என்ன படிக்க ஆசை என்று முதன்முறையாகக் கேட்டேன். பேருந்தின் பெயர்ப்பலகை, மாத்திரை அட்டை, பேரன் எழுதும் கடிதம் என்று தயங்காமல் அடுக்கினார். 'பேரன்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கினோம். பென்சிலின் முனை ஒடியுமளவு அழுத்தி, 'ப' எழுதி, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பைப் போட்டார். நான் திருத்தியபோது, "சத்தம் பின்னாடிதானே வருது தம்பி, கொம்பை எதுக்கு முன்னாடி போடச் சொல்றீங்க?" என்றார். இத்தனை ஆண்டுகள் தமிழ் எழுதியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைவிட, கால், கொம்பு, சுழி ஆகியவை எங்கே ஒட்டுகின்றன, உகர ஊகார வரிசைகள் மட்டும் ஏன் எழுத்துக்கெழுத்து வடிவம் மாறுகின்றன என்பதை இப்படிப்பட்ட கேள்விகளின் வழியே விளக்குவது வயது வந்தவர்களுக்கு விரைவாகப் பிடிபடுகிறது. (எழுத்தே மனத்தில் பதியவில்லை என்று நான் முடிவுகட்டியிருந்த இன்னொருவருக்கு வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடி மட்டுமே.)

இது என் கண்டுபிடிப்பன்று. 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் அந்நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்குச் சுமார் 40 மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவித்தபோது, அவர்கள் நாவில் புழங்கிய சொற்களைக் கொண்டே தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை என்பதை நினைத்தால் அந்த 40 மணி நேரத்தின் மதிப்பு விளங்கும். மறு ஆண்டு நடந்த இராணுவப் புரட்சிக்குப் பின் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது, ஃபிரெய்ரேவும் சிறைப்பட்டார்.

நம் வகுப்புகளை நிறுத்த எந்தப் புரட்சியும் தேவைப்படுவதில்லை; எண்ணிக்கை நிறைவேறினாலே போதும், பெயர்ப்பட்டியலை மேலே அனுப்பிவிட்டுக் கரும்பலகையைச் சுருட்டிவிடுகிறோம். படித்ததைப் புழங்க வாய்ப்பில்லாதவர்களுக்கு ஓராண்டுக்குள் எழுத்து மங்கத் தொடங்குவதை நானே கண்டிருக்கிறேன். 1961-இல் கியூபாவில் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில் கற்று முடித்தவர்கள், ஃபிடல் காஸ்ட்ரோவுக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த ஆட்சியைப் பற்றி அவரவர்க்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆயினும், கையொப்பத்தைவிடக் கடிதம் நேர்மையான தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வர எண்ணும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது, முதல் மூன்று மாதங்களுக்கு மட்டுமென வராமல், கற்போர் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கும் இரண்டாம் ஆண்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி வாருங்கள் என்பதே. அந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த வாசிப்பு எங்கள் கையில் மிகக் குறைவு. சிறுவர் கதைகள் அவர்களைக் கூச வைக்கின்றன, நாளிதழின் சிறிய எழுத்தும் நீண்ட வாக்கியங்களும் மிரட்டுகின்றன. தங்கள் இதழில் வாரந்தோறும் கால் பக்கம் ஒதுக்கி, அந்த வாரத்துச் செய்தி ஒன்றைப் பெரிய எழுத்தில், ஐந்தாறு சொற்களுக்கு மிகாத வாக்கியங்களில் வெளியிட இயலுமா? முதல் சில வாரங்களுக்கு எழுதித் தர எங்கள் வகுப்பின் தன்னார்வலர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எங்கே தடுக்குகிறது என்று படித்துப் பார்த்துச் சொல்ல அந்த அம்மா ஒப்புக்கொண்டுள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
எழுத்தறிவு வகுப்புத் தன்னார்வலர்