பள்ளி நூலகத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நூலக அறையின் திருப்பணி முடிந்தது. கூரை ஒழுகல் அடைபட்டது, பழைய ஒயரிங் மாறியது, சுவரைப் பூசி வண்ணமும் அடித்தாயிற்று. கட்டட வேலை ஒப்பந்தப்படியே நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறை பூட்டிக் கிடந்த காலத்தில் இரவல் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டதுதான் பெரும்பாடு.

எல்லா நூல்களையும் பெட்டிக்குள் போடுவதில்லை என்று குழு முதலிலேயே முடிவெடுத்தது. பிள்ளைகள் அடிக்கடி எடுப்பவை எவையென்று இரவல் பதிவேட்டைப் பார்த்து நூலகர் பிரித்துக் கொடுத்தார். மற்றவை தட்டு வரிசை கலையாமல் சிறிய அட்டைப்பெட்டிகளுக்குப் போயின. நெருக்கி அடுக்கிய ஒரு மீட்டர் தட்டு நூல்களே சுமார் 30 கிலோ வரும். பெரிய பெட்டியை யார் தூக்குவது? ஒவ்வொரு பெட்டியிலும் முதல் நூல், கடைசி நூல் இரண்டின் பகுப்பெண்களையும் (நூலின் பொருளைக் குறிக்கும் எண்கள்) பக்கவாட்டில் எழுதினோம். மூடியில் எழுதியிருந்தால் அடுத்த பெட்டி ஏறியதும் மறைந்துவிடும். நாங்கள் பின்பற்றும் டூயி என்ற பகுப்பு முறையில் 894.811 தமிழ் இலக்கியம். ஆசிரியர்கள் அதிகம் கேட்பது அதுதான் என்பதால் அந்தப் பெட்டிகள் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன.

வெளியே வைத்த நூல்கள் தள்ளுவண்டியில் வகுப்பு வகுப்பாகச் சென்றன. வண்டி படியேறாது, மாடி வகுப்புகளுக்குத் துணிப்பைகள். நூலகப் பாடவேளையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் பாடவேளைக்குக் கணக்கு ஆசிரியர்கள் எப்போதுமே தயார்! இரவல் தவணையை நீட்டி, தாமதக் கட்டணத்தை நிறுத்தி வைத்தோம்.

ஒரு குறை கடைசிவரை தீரவில்லை. பெயர் சொல்லிக் கேட்கும் பிள்ளைக்கு நூல் கிடைத்தது. தட்டுகளைத் துழாவி எதையாவது கண்டெடுக்கும் பிள்ளைக்குத்தான் நட்டம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. பெட்டிக்குள் கிடக்கும் நூலை வாசகர் எப்படிக் கண்டுகொள்வார்? மதிய இடைவேளையில் வராண்டா மேசையில் சில பெட்டிகளைத் திறந்து பரப்பினோம். ஓரளவுக்கு உதவியது.

வண்ணம் காய்ந்ததும் நூல்களை அடுக்கிவிடலாம் என்று வேலையாட்கள் சொன்னார்கள். குழு ஒப்பவில்லை. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பூச்சின் உள்ளே ஈரம் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சை பிடிக்கும். சன்னல்களைத் திறந்து மின்விசிறிகளை ஓடவிட்டு, ஈரமானி இறங்கிய பிறகே பெட்டிகள் உள்ளே போயின. அடுக்கும்போதே இருப்பையும் சரிபார்த்துக்கொண்டோம்.

உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அதுவரை மேல் தட்டுகள் காலியாகவே இருக்கும். மாடி வகுப்புகள் கேட்டுக்கொண்டதால் துணிப்பைகள் தொடரும். வரவு செலவுக் கணக்கு, தணிக்கை முடிந்ததும் பொதுக்குழுவில் வைக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு