சுகர் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்

பாலக்கோடு

அன்புள்ள மல்லிகா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பக்கத்தில் உன் மருமகள் இருப்பாள், நீ "ம்... ம்..." என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

தக்காளி விலை படுத்துக்கிடக்கிறது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பையன் புலம்புகிறான். மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு எச்.ஐ.வி இருக்கிற விஷயத்தைச் சுகர் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பதறாதே.

2004-ல், கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த அதே வருஷம், தாம்பரத்தில் இலவச மருந்துக்கு வரிசையில் நின்றோமே, பிள்ளைகள் தலையெடுக்கும் வரை இருந்தால் போதும் என்றுதானே வேண்டிக்கொண்டோம்? இப்போது பேரன் பேத்தி பார்த்தாகிவிட்டது. கூடவே சுகர், பிரஷர், மூட்டு வலி எல்லாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தியே வந்து உட்கார்ந்துகொண்டன. ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தாலும், உள்ளே ஓர் அழற்சி உமி நெருப்பு மாதிரி கனன்றுகொண்டே இருக்குமாம். அது ரத்தக்குழாயைக் கெடுக்கும், நமக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நமக்கு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி மையத்தில் சொன்னார்கள்.

சுகர் டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பாதம் எரிகிறது என்றேன், சுகரால்தான் என்றார். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் காலையில் 1000 மில்லிகிராம், ராத்திரி 1000 என்று ஏறிவிட்டது. போன தடவை, "எத்தனை நாளா எரியுது?" என்று கேட்டார். சுகர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, என் கன்னத்தை ஒட்ட வைத்ததே அந்தப் பழைய எச்.ஐ.வி மாத்திரை ஸ்டாவுடின், அதைச் சாப்பிட்ட நாளிலிருந்து எரிகிறது. இதை மறைத்துவிட்டு என்ன பதில் சொல்வது? சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "இப்ப என்ன மாத்திரை?" பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து நீட்டினேன். லேபிளைத்தான் எப்போதோ கிழித்துவிட்டேனே, பெயரை நானே சொன்னேன். அதில் இருக்கிற டோலுடெக்ராவிர் மருந்தைச் சாப்பிட்டால் மெட்ஃபார்மின் ரத்தத்தில் கூடுதலாகச் சேருமாம், நாளுக்கு 1000-ஐத் தாண்டக் கூடாதாம். உடனே பாதியாகக் குறைத்து வேறொரு மாத்திரை சேர்த்தார். அதே மாத்திரையில் டெனோஃபோவிர் மருந்தும் இருப்பதால் கிட்னிக்குக் கிரியேட்டினின் டெஸ்டும் எழுதினார்.

இப்போது உன்னைத் திட்ட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிறாயே, அந்த முழங்கால் வலி மாத்திரையை நிறுத்து. டெனோஃபோவிரோடு அது கிட்னிக்கு ஆகாது. கால்சியத்தையும் வெறும் வயிற்றில் நம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். இல்லாவிட்டால் நம் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம்.

2021-ல் உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அதில் சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நம் மாத்திரைக்கு நான் தர்மபுரிக்குப் பஸ் ஏறுகிறேன். அதுவும் வீட்டுக்கு வந்தால் நன்றாயிருக்குமே என்பாய். எனக்கு வேண்டாம். கொண்டு வருகிற பெண் எங்கள் தெருக்காரி. தெருவுக்கு ஏன் தெரிய வேண்டும்? வைத்தியம் பார்க்கிறவருக்குத் தெரிந்தால் போதும். நம் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது, இதைக் காரணம் காட்டி வைத்தியம் மறுக்கவும் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கண் ஆபரேஷனுக்கு உன்னை எப்படி அலைக்கழித்தார்கள் என்பது மறக்கவில்லை. அதற்காக எல்லா டாக்டரிடமும் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வைகாசியில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? நீ போடுகிற மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா, வலி மாத்திரையையும் சேர்த்துத்தான். கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் வேண்டும். மறுநாள் இருவருமாக இந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
தனம்