பெர்லின் சென்று திரும்பிய எங்கள் மகளுக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2023 ஜூன் 17 முதல் 25 வரை பெர்லினில் நடைபெற்ற ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகக் கோடைக்கால விளையாட்டுப் போட்டியில், இந்திய அணியின் தடகளப் பிரிவில் இடம்பெற்று எங்கள் மகள் 400 மீட்டர் ஓடித் திரும்பியிருக்கிறாள். அணி 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம் என 202 பதக்கங்களைப் பெற்றது. அவற்றுள் அவளுடையது ஒன்றும் இல்லை. நான்காம் இடத்துக்கு நாடா தந்தார்கள், "என்ன பதக்கம்?" என்று தெருவில் கேட்போருக்கெல்லாம் அதைத்தான் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறாள்.

முதல் நன்றி அவளுடைய சிறப்புப் பள்ளி ஆசிரியைக்கு. விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் குழந்தையை, அதே விசிலுக்குக் கிளம்பி ஓட வைப்பதற்கு அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பலரும் இதைப் பாராலிம்பிக்ஸ் என்றே எண்ணுகிறார்கள். இது அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்காக 1968-இல் சிகாகோவில் தொடங்கிய வேறொரு போட்டி. இங்கே முதலில் ஒரு சுற்று ஓடவிட்டு, அதில் எடுத்த நேரம், வயது, பாலினம் ஆகியவற்றைப் பார்த்து நிகரான திறனுடையோரை ஒரே பிரிவில் சேர்க்கிறார்கள். அந்தச் சுற்றில் மெதுவாக ஓடிவிட்டு இறுதிச் சுற்றில் 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூட்டினால் தகுதி நீக்கமும் உண்டு. ஆகவே இரண்டு நாளும் முழு மூச்சாக ஓட வேண்டும் என்பதை அவளுக்குப் புரியவைக்க, பயிற்சியாளர் எங்கள் தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு மாதம் தினமும் ஓடவிட்டார். பள்ளி விடுமுறையைச் சளைக்காமல் எங்களுக்குக் கொடுத்த அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அவளைத் தனியே அனுப்ப எங்களுக்குத் துணிவில்லை. தலை வாரிவிட்டு, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, இரவுதோறும் காணொளியில் எங்களோடு பேசவைத்த அணியின் பெண் பயிற்சியாளருக்கு என்ன கைம்மாறு செய்வோம்? (நாங்கள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் அணி முழுவதும் சுற்றிக் காலியானதாகக் கேள்வி.)

பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். போட்டியாளர்களுக்குக் கண், காது, பல், பாதம் ஆகியவற்றை அங்கே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். ஓடும்போது மகள் கோட்டை விட்டு விலகிப்போவதை இத்தனை காலம் கவனக்குறைவு என்று நினைத்து நாங்களே அதட்டியிருக்கிறோம். ஒருமுறை ஊரில் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, எழுத்துத் தெரியாத பெண்ணை எப்படிச் சோதிப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெர்லினில் ஒரு தன்னார்வலர் படங்களைக் காட்டி, அவசரப்படுத்தாமல், அவளுக்குக் கிட்டப்பார்வை இருப்பதைக் கண்டறிந்து கண்ணாடியும் கொடுத்தனுப்பியிருக்கிறார். இந்தத் தமிழ் மடல் அவரைச் சென்றடையப் போவதில்லை என்றாலும், எழுதாமல் விட மனம் வரவில்லை.

கடவுச்சீட்டு வேலைக்காக என் பணிநேரத்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. மூன்று ஆண்டுகளாகக் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு அழைத்துச் சென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. ஊர் திரும்பிய மறுநாளும் அவர் வழக்கம்போல வந்தார். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, வாசலில் நின்றபடி அதன் எண்ணை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னாள் எங்கள் மகள்.

நன்றியுடன்,
அவளுடைய பெற்றோர்,
திருச்சிராப்பள்ளி