ஸ்டூலில் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்ணியம் எல்லாம் ஏசி அறையில் பேசுகிறவர்கள் சமாச்சாரம், உழைக்கிற பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவரோடு மல்லுக்கட்டப் போவதில்லை. எங்கள் ஊழியர் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தீபாவளி போனஸுக்காகக் கூடிய கூட்டம் அது. வழக்கம்போல ஆண்களே பேசினோம். முடியப்போகும் நேரத்தில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் ஒருவர் எழுந்து, “போனஸ் கிடக்கட்டும் அண்ணே, கடைக்கு வந்தா நான் தண்ணியே குடிக்கிறதில்ல, தெரியுமா?” என்றார்.

அவர் கடையில் கழிப்பறை மொட்டை மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும் என்பதால் நாலு மாடி ஏற வேண்டும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாதவிலக்கு நாளில் இன்னொரு தடவை கேட்டால், “இப்பத்தானே போன?” என்பாராம், நாலு பேர் முன்னால். அதனால் காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி. நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதால் மருந்துக்கடைக்காரர் இவரைப் பார்த்ததுமே மாத்திரையை எடுத்துவிடுகிறாராம்.

பெண்கள் பேச்சு எடுத்தாலே கிண்டலடிக்கும் சட்டைத்துணிப் பிரிவு நண்பர் ஒருவர் அன்று வாயே திறக்கவில்லை. அவருடைய மூத்த மகளும் வேறொரு கடையில் கவுண்டரில் நிற்கிறாள். சில நாள் கழித்து என்னைத் தேடி வந்தார். “எம் பொண்ணுகிட்ட கேட்டேன்ணே. அங்கயும் அதே நோட்டுதானாம். அதை எடுக்கச் சொல்றதை முதல் கோரிக்கையா போடுங்க, போனஸ் அப்புறம்” என்றார். பெண்ணியம் என்றால் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார். அது கிடக்கட்டும், கோரிக்கைத் தாளில் முதல் கையெழுத்து அவருடையது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜியும் கடைப்பெண்களும் கழிப்பறைக்காகத்தான் முதலில் போராடினார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றார்கள். பெண் ஊழியருக்கு மட்டுமல்ல, எல்லா ஊழியருக்கும். கெண்டைக்காலில் நரம்புச் சுருட்டலோடு ஓய்வு பெற்ற என்னைப் போன்ற ஆண்கள் எத்தனையோ பேர். நாங்கள் ஒருநாளும் நாற்காலி கேட்டதில்லை. கேட்டது பெண்கள்.

சட்டம் வந்த பிறகு நிலைமை எப்படி? போன மாதம் பேத்திக்குப் பாவாடை எடுக்கப் போன கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் துணிக்கட்டு. பக்கத்தில் நின்ற பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை ஆபீஸ் அறையில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது விசாரித்தால், “ஒரு குறையும் இல்ல சார்” என்றுதான் அந்தப் பெண்கள் சொல்வார்கள். அவர்களைத் தனியாக அழைத்து, முடிந்தால் ஒரு பெண் அதிகாரியை வைத்துக் கேட்கட்டும். அப்படியே அந்த நோட்டையும் வாங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை.