பனிமலையோடு திரும்பிவிடாதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

கிரீன்லாந்து போகப் போவதாகவும், இலுலிசாட்டில் கடலில் மிதக்கும் பனிமலைகளைப் பார்த்தால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெற்கே கஸ்ஸியார்சுக், இகாலிகு பக்கமும் சில நாள் தங்கிவிட்டு வா. அங்கே செம்மறியாடு வளர்க்கிறார்கள். தீவில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் பனிப்பாளம் மூடியிருக்கிறது. அதற்கும், ஃபியார்டு என்று நிலத்துக்குள் நீளமாக நுழைந்து கிடக்கும் கடல் பகுதிகளுக்கும் நடுவே மிஞ்சிய மண்ணில்தான் அவர்களின் புல்வெளிகள். எனக்கு இப்போது கிரீன்லாந்து என்றாலே அந்தப் பச்சைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நர்சார்சுவாக்கில் 1941இல் அமெரிக்க ராணுவம் போட்ட விமான ஓடுதளம் இருக்கிறது. அதற்கு எதிர்க்கரை கஸ்ஸியார்சுக். நடுவில் துனுல்லியார்ஃபிக் ஃபியார்டு. படகில் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடலாம். பக்கத்து கோரோக் ஃபியார்டில் பனியாறு உடைத்துத் தள்ளும் கட்டிகள் இங்கே மிதந்து வரும். கரையில் ஆடு மேயும், தண்ணீரில் பனிக்கட்டி போகும். ஊருக்கு ஊர் சாலை கிடையாது, எல்லாவற்றுக்கும் படகுதான்.

நார்வேயில் பிறந்து ஐஸ்லாந்திலிருந்து வந்த எரிக் என்ற சிவப்புத் தாடிக்காரர் 985 வாக்கில் குடியேறியது இந்தக் கஸ்ஸியார்சுக்கில்தான். இகாலிகுவில் அந்த நார்ஸ் குடியேறிகளுடைய பேராலயத்தின் இடிபாடு இருக்கிறது. அந்தச் செந்நிறக் கல்லை எடுத்துப் பிற்காலத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். ககார்டோக்குக்கு அருகே வால்சே தேவாலயத்தின் கற்சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1408 செப்டம்பரில் அங்கே நடந்த ஒரு திருமணம்தான் அந்த மக்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். பிடிவாதமாக மாட்டையும் ஆட்டையும் கட்டிக்கொண்டு அழிந்தார்கள் என்ற கதையை மட்டும் அப்படியே நம்பாதே. அவர்களுடைய எலும்புகளை ஆராய்ந்தபோது, காலம் போகப் போகக் கடலுணவை அதிகம் சாப்பிட்டது தெரிய வந்திருக்கிறது. முடிந்தவரை மாறிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் பல நூற்றாண்டுகள் கழித்து, ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அதே மண்ணில் விவசாயத்தைத் தொடங்கினார்கள். 1924இல் ஓட்டோ ஃபிரெடரிக்சன் கஸ்ஸியார்சுக்கில் ஆட்டுப்பண்ணை போட்டார். இந்த இரண்டு காலத்து உழைப்பையும் சேர்த்துத்தான் 2017இல் யுனெஸ்கோ 'குயாதா' என்ற பெயரில் இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இங்கே எல்லாக் கணக்கும் புல்லில்தான் வந்து நிற்கும். வசந்தத்தில் குட்டி போடும். கோடை முழுக்கத் தாயும் குட்டியும் மலையில் மேயும். செப்டம்பரில் குடும்பமே மலையேறி மந்தையை ஓட்டி வரும். நர்சாக்கில் இருக்கும் கூடத்துக்குக் குட்டிகள் வெட்டப் போகும். மிச்ச ஆடுகளைக் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் வைத்துத் தீனி போட வேண்டும். முன்பெல்லாம் குளிரிலும் வெளியில்தான் மேய விடுவார்கள். பனிப்பாளத்திலிருந்து இறங்கும் வெப்பக் காற்று பனியை உருக்கிவிட்டுப் போகும். அது மறுபடி உறைந்தால் புல்மேல் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும், ஆட்டால் கிளற முடியாது. 1966-67 குளிர்காலத்தில் ஆடுகள் பெருமளவில் செத்துப்போயின. அதனால்தான் கோடையில் பார்க்கும் இடமெல்லாம் புல்லை அறுத்து, உருட்டி, பிளாஸ்டிக் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள். அந்த உருண்டைகளைப் படத்தைக் கெடுக்கும் குப்பை என்று ஒதுக்காதே. ஒரு வீட்டின் குளிர்காலம் அது.

வெப்பம் கூடினால் இவர்களுக்கு நல்லதுதானே என்று வெளியிலிருந்து சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பருவம் கொஞ்சம் நீண்டிருப்பது உண்மை. ஆனால் கோடையில் மழை பொய்த்தால் அறுக்கப் புல் இருக்காது, வெளியிலிருந்து தீவனம் கப்பலில் வர வேண்டும். கண்ணெதிரே அவ்வளவு பெரிய பனிப்பாளம் இருந்தும் வயல் காய்கிறது. நர்சாக் அருகே யுரேனியம் கலந்த அருமண் தாதுவை வெட்டும் திட்டம் வந்தபோது, தூசி புல்லில் படியும் என்று ஆடு வளர்ப்பவர்கள் பயந்ததும் நியாயம்தான். 2021இல் கிரீன்லாந்து நாடாளுமன்றம் யுரேனியத்தைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

சறுக்குவண்டி நாய்களை இங்கே தேடாதே. அவற்றை வளர்க்கும் பகுதிகள் மேற்குக் கரையில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேதான். இங்கே மந்தையை மடக்கும் மேய்ப்பு நாய்கள்தான்.

சரி, ஒரு நாளில் வந்துபோகும் கப்பல் பயணத்தை எடுக்காதே. விருந்தினரைத் தங்கவைக்கும் பண்ணை வீடுகள் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டு வை. ஜூலை என்றால் கொசுவலைத் தொப்பி கட்டாயம். ஆட்டை ஓட்டி வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரில் போ. மலையில் வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டு நட. லீவு தேதி முடிவானதும் எழுது, படகு நேரங்களை உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா