ஐம்பத்தோராவது விளக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு உபயோகப் பொருள்களின் வடிவமைப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘விளக்கும் நாற்காலியும் கலையா, வெறும் சாமானா?’ என்று கேட்டது. அழகியல் கோணத்தில் நிறையப் பேசிவிட்டு, அவரவர் ரசனையைப் பொறுத்தது என்று முடித்துக்கொண்டது. ரசனைக்கு வேண்டுமானால் அது சரி. பட்டறை வைத்துப் பிழைப்பவருக்கு இந்தக் கேள்வியில் பணம் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஓர் எண்ணையே விடையாக வைத்திருக்கிறது: 50.

கலை எது, சாமான் எது என்று நீதிமன்றம் ஏறிய வழக்குகளில் புகழ்பெற்றது சிற்பி பிரான்குசியின் பறவை வழக்கு. 1926-ல் அவருடைய ‘வானில் பறவை’ வெண்கலச் சிற்பம் பாரிஸிலிருந்து நியூயார்க் வந்து இறங்கியது. இறகும் இல்லை, அலகும் இல்லை. பளபளவென்று மெருகேற்றிய, நீண்டு ஒடுங்கிய ஓர் உலோகத் தண்டு. அங்கே கலைப்படைப்புக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் அதிகாரிகள் அதைச் சமையலறைப் பாத்திரங்களும் மருத்துவமனைச் சாமான்களும் அடங்கிய பிரிவில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். 1928 நவம்பரில் தீர்ப்பு சிற்பியின் பக்கம் வந்தது. செய்தவர் தொழில்முறைச் சிற்பி, படைப்பு அசலானது, அதற்கு வேறு பயன்பாடு இல்லை, ஆகவே கலை என்றது நீதிமன்றம். ஆறே ஆண்டில், 1934-ல், அதே நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் பால் பேரிங்கையும் சுருள்வில்லையும் கப்பல் விசிறியையும் காட்சிக்கு வைத்தது. சுங்க அதிகாரிகள் அந்தப் பக்கம் போனார்களா என்று தெரியாது.

பயன்பாடு இல்லாததே கலை என்ற அந்த அளவுகோலை நம் சட்டம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-ன்படி ஓவியம், சிற்பம், கலைத்தன்மை கொண்ட கைவினை எல்லாமே ‘கலைப்படைப்பு’. அதற்கு ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு, பதிவுகூடக் கட்டாயமில்லை. வடிவமைப்புகள் சட்டம் 2000 தருவது 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அதுவும் பதிவு செய்திருந்தால்தான். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. வடிவமைப்பாகப் பதிந்துவிட்டால் அந்த வடிவத்தின்மேல் பதிப்புரிமை இல்லை என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதே பொருளை 50 முறைக்கு மேல் தொழில்முறையில் செய்துவிட்டால், அப்போதும் பதிப்புரிமை போய்விடும். ஐம்பத்தோராவது விளக்கு பட்டறையை விட்டு வெளியே வரும்போது கையில் எந்த உரிமையும் மிஞ்சாது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. ‘நாங்கள் கையால் செய்கிறோம், இது தொழிற்சாலைச் சரக்கு இல்லையே’ என்பார்கள். வடிவமைப்புச் சட்டம் தொழில்முறை என்று சொல்லும்போது கையால் செய்வது, எந்திரத்தால் செய்வது, வேதிமுறையில் செய்வது மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. கைவேலை என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. ஆறுதலான செய்தியும் ஒன்று: உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ செய்ததுதான் இந்தக் கணக்கில் சேரும். அடுத்த தெருவில் திருட்டுத்தனமாக வார்த்தது சேராது.

செய்முறையே ஒரு பொருளை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைக் கும்பகோணம் வட்டாரத்தில் கண்ணால் பார்க்கலாம். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்துதான் தொடக்கம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வேறு வகை. ஒரே மாதிரியை மண்ணில் பதித்துப் பதித்து எடுக்கலாம். பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரையிட்டுப் பூட்டுகிறார்கள். முதல் வழியில் 50 என்பது பெரிய எண். இரண்டாவது வழியில் ஒரு கல்யாண சீசனுக்குக்கூடக் காணாது.

நடுவில் மாட்டிக்கொள்வது பாவை விளக்கு. அகலை ஏந்தி நிற்கும் பெண் உருவம் சிற்பமா, விளக்கின் தண்டா? 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் – ஐநாக்ஸ் நிறுவனங்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு படிகள் வகுத்தது. வழக்கு என்னவோ திரவ எரிவாயு கொண்டுபோகும் டிரெய்லர்களின் வரைபடம் பற்றியது. முதல் படி, அது தன்னளவில் கலைப்படைப்பா, அல்லது கலைப்படைப்பிலிருந்து எடுத்துப் பொருளில் ஏற்றிய வடிவமைப்பா என்று பார்ப்பது. அதில் தெளியாவிட்டால், பொருளின் முதன்மை நோக்கம் பயன்பாடா, அழகா என்று பார்ப்பது அடுத்த படி. பாவை விளக்கை இந்தத் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கமும் சாயலாம். அந்தச் சந்தேகத்தை நம்பி வியாபாரம் நடத்துவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆகவே முடிவை முதல் வார்ப்புக்கு முன்பே எடுக்க வேண்டும். 50-க்குள் நிறுத்தப் போகிறீர்களா? ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறியுங்கள், தேதியிட்ட வரைபடத்தையும் விற்பனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், பதிப்புரிமையோடு இருங்கள். கடைகளுக்குத் தொடர்ந்து தரப் போகிறீர்கள் என்றால் வடிவமைப்பாகப் பதிந்துவிடுங்கள்.

பதிவு அப்படியொன்றும் பெரிய மலை இல்லை. படிவம் 1, தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இணையத்திலும் செலுத்தலாம், சென்னையில் உள்ள காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்திலும் கொடுக்கலாம். பொருள் எந்த வகுப்பில் சேரும் என்று குறிக்க வேண்டும். விளக்கு 26, பாத்திரம் 7, மேசை நாற்காலி 6, நகை 11. ஒரே வடிவத்தை விளக்கிலும் பாத்திரத்திலும் காக்க நினைத்தால் இரண்டு விண்ணப்பம். முன், பின், இடம், வலம், மேல், கீழ், சாய்கோணம் என ஏழு படங்கள் வைப்பது வழக்கம். பெரும்பாலான ஆட்சேபணை இங்கேதான் கிளம்புகிறது. முன்பக்கப் படத்தில் ஐந்து முகம் இருக்கும், மேலிருந்து எடுத்ததில் தண்டு லேசாகத் திரும்பி முகங்கள் வேறு இடத்தில் நிற்கும். மரை முழுக்க இறுகாததால் வரும் கோளாறு இது. பித்தளையின் பளபளப்பில் படம் எடுப்பவரே தெரிவார். பின்னால் பூச்சரமும் தாம்பாளமும் எட்டிப் பார்க்கும். வெள்ளைத் துணியை விரித்து, விளக்கைத் திரியும் எண்ணெயும் இல்லாமல் வைத்து, ஏழு படத்தையும் ஒரே உயரத்தில் எடுத்தால் பாதித் தொல்லை தீரும். குறைகளைச் சரிசெய்ய விண்ணப்பத் தேதியிலிருந்து 6 மாத அவகாசம் உண்டு.

பதிவு காப்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டுமே. எண்ணெய் வழியாமல் இருக்கத் தட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டியிருந்தால், அந்த உத்திக்கு இதில் இடமில்லை. அது காப்புரிமைக்குப் போக வேண்டிய சங்கதி. உச்சியில் உள்ள அன்னத்தைத் தனியாகவும் விற்பவர் அதற்குத் தனி விண்ணப்பம் போடலாம், சட்டம் தடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வரிசை மாறுவதால் வருகிறது. விண்ணப்பத்துக்கு முன்பே வடிவம் வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டால் அது புதியதல்ல. பதிவு கிடைக்காது, கிடைத்தாலும் பிறகு ரத்தாகும். கண்காட்சி, விலைப்பட்டியல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் இதற்குப் போதும். கண்காட்சிக்கென்று வடிவமைப்புகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்குத்தான். முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும், 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். நம்மூர் கைவினைச் சந்தைக்கு இது பொருந்தும் என்று நம்பிப் போகக் கூடாது. நாளிதழில் அச்சாகும் தெளிவான படத்துக்கும் இதே விளைவுதான். எனவே தங்களுக்கும் ஒரு கோரிக்கை. புதிய வடிவம் செய்தவரைப் பேட்டி காணும் நிருபர், ‘விண்ணப்ப எண் வாங்கிவிட்டீர்களா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளட்டும். இல்லை என்றால் முகத்தைப் போடுங்கள், பொருளின் படத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

‘எங்கள் விளக்குக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே’ என்ற பதிலும் அடிக்கடி கேட்கிறது. அந்தக் குறியீடு காப்பது பெயரை. வேறு ஊரில் வார்த்ததை நாச்சியார்கோவில் விளக்கு என்று விற்க முடியாது. அதே உருவத்தில் வார்த்து வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது. பெயரைப் பயன்படுத்தவும் ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும்.

வடிவமைப்பைப் பதிந்த பிறகும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. நகலெடுத்தவரிடம் வடிவமைப்புகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் நேராக வசூலிக்கக்கூடிய தொகை ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாது. தடையாணையும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடுவது இன்னொரு வழி. அப்போது எதிராளி, ‘இது பழைய வடிவம், பதிவே செல்லாது’ என்று வாதிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். சிறு பட்டறைக்காரர் பெரும்பாலும் அங்கேயே சோர்ந்துபோவார். 2000-ல் நிர்ணயித்த அந்த 50,000 ரூபாயை இன்றைய பித்தளை விலைக்கு ஏற்ப உயர்த்தச் சொல்லித் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மத்திய அரசிடம் மனுக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்