மெட்டியைக் கழற்றி வையுங்கள் அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ வகுப்பில் சேருவதைப் பற்றி நேற்று போனில் நீங்கள் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தார்கள், குக்கர் வேறு கத்திக்கொண்டிருந்தது. மீதியை எழுதிவிடுகிறேன். இங்கே மும்பை செம்பூரில் இதே கேள்விகளை என்னிடம் கேட்ட பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

"ஒரு மாதம் வாக்கிங் போய் உடம்பைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்" என்றீர்கள். வேண்டாம் அண்ணி. தீபாவளி முடியட்டும் என்றீர்கள், அப்புறம் பொங்கல், அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை. இந்தப் புதன்கிழமையே வாருங்கள். முழங்கால் வலி, பிரஷர், பிரசவத்துக்குப் பிறகு வந்த முதுகுவலி, இவற்றை மட்டும் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி சொல்லித் தருவார்.

அதுவரை வீட்டில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். காலையில் அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை ஒற்றைக் காலில் நில்லுங்கள். மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம். மற்ற முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கால் ஆடும், கணுக்கால் நடுங்கும், ஆடட்டும். அடுத்த நாள் கால் மாற்றுங்கள். டேக்வாண்டோவில் பாதி நேரம் நாம் ஒரு காலில்தான் நிற்கிறோம். போட்டி விதியைப் பார்த்தாலே தெரியும்: குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் 2 கூடும். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் பதக்க விளையாட்டானதிலிருந்து உலகம் பார்ப்பது அந்தக் கால்களைத்தான். ஆனால் உதைக்கிற கால் உயர வேண்டுமென்றால் நிற்கிற கால் அசையாமல் இருக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை.

முதல் உதை ஆப்சாகி, நேராக முன்னால் உதைப்பது. முழங்காலைத் தூக்கி, காலை நீட்டி, மறுபடி மடக்கி, அப்புறம்தான் கீழே வைக்க வேண்டும். கால் விரல்களை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு, விரல்களுக்குக் கீழே இருக்கும் அந்தச் சதைத் திரட்சியால் உதைக்க வேண்டும். நான் முதல் வாரம் விரல்களை இழுக்க மறந்து, உதை பழகும் பேடில் உதைத்தேன். கட்டைவிரல் வீங்கி, ஒரு வாரம் ஷூ போட முடியவில்லை. எவ்வளவு உயரத்துக்கு உதைக்கிறோம் என்று பார்க்காதீர்கள். தொடை உயரத்துக்கு உதைத்தாலும் விரல் சரியாக இருக்கட்டும்.

உங்கள் இன்னொரு பயம் இந்தி. கோவில்பட்டியிலிருந்து வந்து மூன்று வருஷமாகியும் கடையில் பேசத் தடுமாறுவதாகச் சொன்னீர்கள். அண்ணி, வகுப்பில் கட்டளை எல்லாம் கொரிய மொழியில். சாரியோத் என்றால் நேராக நில், க்யோங்னே என்றால் வணக்கம் செலுத்து, ஜுன்பி என்றால் தயாராகு, சிஜாக் தொடங்கு, குமான் நிறுத்து. மராத்திக்காரர், குஜராத்திக்காரர், நாம், எல்லோரும் முதல் நாள் ஒரே மாதிரிதான் விழிக்கிறோம். எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்: ஹனா, துல், செத், நெத், தாசொத். ஐந்து போதும், மீதி தானாக வரும்.

அப்புறம் வரிசை. தேர்ச்சியைக் காட்டும் பெல்ட் நிறப்படி நிற்பார்கள், வயதுப்படி இல்லை. ஒன்பது வயதுப் பையன் பச்சை பெல்ட்டோடு உங்களுக்கு முன்னால் நிற்பான், நீங்கள் கடைசியில். அவன் வந்து உங்கள் கை முஷ்டியைத் திருத்துவான். முதல் நாள் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆசையாகச் சொல்லித் தருகிறார்கள், உங்களுக்குப் பிடித்துப்போகும்.

டோபோக், அதாவது அந்த வெள்ளைப் பயிற்சி உடை, இப்போது வாங்காதீர்கள். சேர்ந்தபின் அளவு பார்த்து வாங்கலாம். டி-ஷர்ட், கறுப்பு டிராக் பேண்ட் போதும். துப்பட்டா வேண்டாம். பின்னால் வெள்ளை உடை வந்ததும் மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று எல்லாப் பெண்களும் யோசிப்போம். உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ் போட்டுக்கொள்கிறோம், கஷ்டம் ஒன்றும் இல்லை. சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கட்டும், பசித்தால் வழியில் ஒரு வாழைப்பழம். கை கால் நகம் வெட்டிக்கொள்ளுங்கள். மழை நாளென்றால் சின்னத் துண்டு எடுத்து வந்து பாதத்தை நன்றாகத் துடையுங்கள், ஹாலில் பாய் போடாத ஓரத்தில் டைல்ஸ் வழுக்கும்.

நகைதான் பெரிய விஷயம். வளையல், கம்மல், ஊக்கு எதுவும் கூடாது. தாலிச் செயினைப் பற்றி நீங்கள் பாதியில் நிறுத்திக்கொண்டீர்கள். அம்மாவிடம் நானே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வகுப்பு நேரத்துக்கு மஞ்சக் கயிறு போட்டு உள்ளே விட்டுக்கட்டும்" என்றார்கள். முதல் சில மாதம் யாரும் யாரையும் தொட மாட்டார்கள், அதனால் அது போதும். ஜோடியாகப் பயிற்சி தொடங்கும்போது கயிறும் கழுத்தில் இருக்கக் கூடாது. அப்போது மறுபடி அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

கடைசியாகக் குரல். உதைக்கும்போதும் குத்தும்போதும் வயிற்றிலிருந்து கத்த வேண்டும், கிஹாப் என்பார்கள். மூச்சு வெளியே போகும்போது வயிறு இறுகி அடிக்கு பலம் வருகிறது. எனக்கு உதையைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து "மெல்லப் பேசு" என்று கேட்டே வளர்ந்தவள், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டு மாதம் உதட்டை மட்டும் அசைத்தேன், மாஸ்டருக்குத் தெரிந்தும் விட்டுவிட்டார். நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பில்டிங் திலக் நகரில் தண்டவாளத்தை ஒட்டித்தானே இருக்கிறது. ஹார்பர் லைன் வண்டி கடக்கும் அந்த அரை நிமிஷம் ஜன்னல் பக்கம் நின்று கத்திப் பாருங்கள், யாருக்கும் கேட்காது. நாளுக்கு மூன்று வண்டி போதும்.

வியாழக்கிழமை தொடையும் இடுப்பும் வலிக்கும், ஸ்டேஷன் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்காக வெள்ளிக்கிழமை வகுப்பை விடாதீர்கள்.

புதன் மாலை ஆறே முக்காலுக்கு கேட் பக்கத்தில் நிற்கிறேன். மெட்டியைச் செவ்வாய் ராத்திரியே கழற்றிப் பாருங்கள். கல்யாணத்தன்று போட்டது, இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் திருகினால் வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்